டிரைவர் தேவை, முன் அனுபவம் அவசியம்

நாமக்கல் பைபாஸ் ஓரத்து லாரி ஆபீஸ்களில் இன்று அதிகம் தென்படுவது ஒரே அறிவிப்புதான்: டிரைவர் தேவை. பட்டறைச் சுவரிலும் டயர் கடையிலும் பங்க் பக்கத்து டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதுவேதான். லாரி முதலாளிகள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் பேச்சு டீசல் விலையில் தொடங்கி, ஆள் கிடைக்காத கதையில் முடிகிறது. வண்டி இருக்கிறது, லோடும் இருக்கிறது, ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் நிற்கிறது என்கிறார்கள். அதில் பொய் இல்லை. அதே பைபாஸில், சட்டைப் பையில் ஹெவி லைசென்ஸை வைத்துக்கொண்டு வேலை கேட்டு அலையும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன்களையும் பார்க்கிறேன். அறிவிப்பின் இரண்டாவது வரி அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது: முன் அனுபவம் அவசியம்.

நான் 1986-இல் கிளீனராக லாரி ஏறியவன். பிறகு டிரைவரானேன், இப்போது இரண்டு லாரி வைத்திருக்கிறேன். வேலை கேட்ட பக்கத்திலும் நின்றிருக்கிறேன், வேலை கொடுக்கும் பக்கத்திலும் நிற்கிறேன். புதிதாக லைனுக்கு வரும் ஒருவனுக்கு நிலையான வேலை கிடைக்கிற வழி அன்று எப்படி இருந்தது, இன்று எங்கே அறுந்து கிடக்கிறது என்று சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

எங்கள் ஊர் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவிலுள்ள மேட்டுக்காடு. மழையை நம்பிய பூமி. கடலையும் சோளமும் தவிரப் பெரிதாக எதுவும் விளையாது. காடு சோறு போடாததால்தான் இந்தப் பக்கத்து ஆட்கள் சக்கரத்தின் மேல் ஏறினார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் ரிக் வண்டியோடு நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்பினார்கள். சங்ககிரி, நாமக்கல்காரர்கள் காட்டை அடமானம் வைத்து லாரி வாங்கினார்கள். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள் பெருகி, வெளிமாநிலங்களிலிருந்தும் சேசிஸ்கள் வந்து வரிசையில் நின்றன. பத்தாவதில் தவறிய பையன் லாரியில் ஏறுவான் என்பது அப்போது ஊரே ஒப்புக்கொண்ட வழி.

வேலை கேட்டு யாரும் முதலாளியிடம் போனதில்லை. டிரைவரிடம்தான் போவார்கள். கிளீனரை வைப்பதும் இறக்கிவிடுவதும் அவர் கையில் இருந்தது. என் அம்மா, எங்கள் ஊரைச் சேர்ந்த ஒரு டிரைவர் வீட்டுத் திண்ணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். “ஏனுங் தம்பி, பையனைக் கூட்டிட்டுப் போங்க. சோறு கண்டாப் போதும். தொழில் பழகிக்கட்டும்” என்றார். அந்த அண்ணன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “ராத்திரிக்குக் கண்ணு முழிப்பியா?” முழிப்பேன் என்றேன். நேர்காணல் அவ்வளவுதான்.

கிளீனர் வேலை என்றால் வண்டி துடைப்பது என்று வெளியில் நினைப்பார்கள். துடைப்பது அதில் சிறு பங்கு. வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, கட்டையால் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்க்க வேண்டும்; காற்று இறங்கிய டயரின் சத்தம் வேறு. மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்ட வேண்டும். கயிறு தளர்ந்தால் மழை மூட்டைக்குள் இறங்கும், நஷ்டம் டிரைவர் தலையில் விழும். வண்டி பின்னால் வரும்போது பாடியைத் தட்டி வழி சொல்ல வேண்டும். செக்போஸ்ட்டுகளில் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு ஓட வேண்டும். வண்டி மறைவில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே, நடுச்சாமத்தில் டிரைவர் கண் அயராதபடி அவரோடு பேசிக்கொண்டே வர வேண்டும்.

இந்த வேலைகளுக்குள்தான் பாடம் இருந்தது. சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரத்தில் இறக்குவோம். வடக்கே விரத நாட்களில் அதைக் கிச்சடி செய்து சாப்பிடுகிறார்கள் என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. திரும்பும்போது வெங்காயமோ பருத்திப் பொதியோ, கோழித் தீவனத்துக்குச் சோயாவோ கிடைக்கும். எந்த லோடு வளைவில் ஆடும், எது மழையில் கனக்கும், எந்த ஊரில் ரிட்டர்ன் லோடு சீக்கிரம் கிடைக்கும், எந்தப் புரோக்கர் வாடகையில் பாக்கி வைப்பார் என்பதெல்லாம் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தபடியே காதில் விழுந்தன. ஹிந்தி அப்படித்தான் வந்தது. வரைபடம் பார்க்காமல் சாலை மனத்தில் ஏறியதும் அப்படித்தான். எஞ்சின் சத்தம் மாறினால் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, “என்ன சத்தம் சொல்லு” என்பார். தவறாகச் சொன்னால் அடுத்த நிறுத்தத்தில் பானட்டைத் திறந்து காட்டுவார்.

ஸ்டியரிங் உடனே கைக்கு வராது. குடோன் வளாகத்துக்குள் லோடு இறக்க வண்டிகள் வரிசையில் நிற்கும். ஒரு வண்டி நகர்ந்தால் அடுத்தது ஒரு வண்டி நீளம் நகர வேண்டும். அந்த நகர்த்தலைத்தான் முதலில் கொடுத்தார். பவர் ஸ்டியரிங் இல்லாத காலம். நின்ற வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை இரவெல்லாம் வலிக்கும். கிளட்சை எவ்வளவு விட்டால் லோடு வண்டி அதிராமல் கிளம்பும் என்பதை அந்த வளாகங்களில்தான் கால் கற்றுக்கொண்டது. புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989-இல் நடைமுறைக்கு வந்திருந்தது. சரக்கு வண்டி ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். எனக்கு அந்த வயது வந்து லைசென்ஸ் கிடைத்தபோது, நெடுஞ்சாலையில் என்னென்ன நடக்கும் என்பதில் பெரும்பகுதியைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்து முடித்திருந்தேன்.

லைசென்ஸ் வந்ததும் வண்டி கிடைத்துவிடவில்லை. அடுத்தது ஆக்டிங் டிரைவர் காலம். யாராவது ஒரு டிரைவர் மாரியம்மன் பண்டிகைக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஊருக்குப் போனால், அந்த ஒரு நடைக்கு நம்மைக் கூப்பிடுவார்கள். அவர் திரும்பி வந்ததும் நாம் இறங்கிவிட வேண்டும். அந்த நடைகளில் முதலாளி நம்மைப் பார்க்கவே மாட்டார். நம் கணக்கைப் பார்ப்பார். டீசல் எவ்வளவு பிடித்தது, டயர் எப்படித் தேய்ந்தது, மூட்டை குறையாமல் இறங்கியதா, செலவுச் சீட்டில் எழுதியது நம்பும்படி இருக்கிறதா. இந்த நான்கும் ஒழுங்காக இருந்தால் புக்கிங் ஆபீஸில் பேர் வரும். “அந்தப் பையன் தேவலாமுங்க” என்று ஒரு டிரைவர் இன்னொரு முதலாளியிடம் சொல்லுவார். அந்த ஒரு வாக்கியம்தான் அன்று அனுபவச் சான்றிதழ். எனக்கு நிரந்தரமாக வண்டி கிடைத்தது அப்படிச் சொன்ன ஒரு வாயால்தான்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். கிளீனருக்குச் சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அடித்த டிரைவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் பையன்கள் டயருக்கடியில் படுத்துத் தூங்கினார்கள். தெரிந்தவன், சொந்தக்காரன், சாதிக்காரன் என்ற வட்டத்துக்குள்தான் அந்தச் சிபாரிசு சுற்றியது. வட்டத்துக்கு வெளியே இருந்தவனுக்கு எத்தனை திறமை இருந்தாலும் திண்ணையில் இடமில்லை. டெல்லி நடை போனால் திரும்பி வர ஒரு மாதம்கூட ஆகும். வீட்டில் குழந்தை பிறந்ததை வழியிலுள்ள புக்கிங் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் வந்தபோது நாமக்கல் லாரிக்காரர்கள் என்ற பேரே அச்சத்துக்குரியதானது. நல்ல டிரைவர்கள் சிலரை நாங்கள் அதில் இழந்தோம். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊருக்குள் பட்ட ஒதுக்கலை நான் மறக்கவில்லை. இவையெல்லாம் ஒழிய வேண்டியவை. பெருமளவு ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஒழிய வேண்டியவற்றோடு ஒழியக் கூடாத ஒன்றும் சேர்ந்து போய்விட்டது என்பதுதான் என் வருத்தம். அது எப்படிப் போனது என்று படிப்படியாகப் பார்க்கிறேன்.

1999-க்குப் பிறகு தங்க நாற்கரச் சாலைத் திட்டம் வந்தது. நான்கு வழிச் சாலைகள் பெருகின. எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கும் பயம் குறைந்து வேகம் கூடியது. 2010-இல் நேஷனல் பர்மிட் முறை மாறி, ஒரே கட்டணத்தில் நாடு முழுக்கப் போக முடிந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் செக்போஸ்ட்டுகள் போயின. வாளையாறில் மைல் கணக்கில் வண்டிகள் நின்ற வரிசை மறைந்தது. ஒரு நாள் முழுக்க அங்கே நின்ற எங்களுக்கு அது பெரிய விடுதலை. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. டோல்கேட்டில் சில்லறை எண்ணும் வேலையும் முடிந்தது. பவர் ஸ்டியரிங், ஏர் பிரேக், ட்யூப் இல்லாத ரேடியல் டயர், வழி சொல்லும் கைபேசி என்று ஒவ்வொன்றும் உடம்பு நோவைக் குறைத்தது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் புதிய லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். நாற்பது டிகிரி வெயிலில் எஞ்சின் சூட்டோடு நாக்பூரைக் கடந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எல்லாமே நல்ல மாற்றங்கள். ஆனால் ஒவ்வொன்றும் கிளீனர் செய்த வேலையில் ஒன்றை எடுத்துக்கொண்டது. காகிதம் தூக்கி ஓட ஆள் வேண்டாம், டோல் கட்ட ஆள் வேண்டாம், வழி கேட்க ஆள் வேண்டாம். டீசல் விலை ஏறிய வேகத்தில் வாடகை ஏறவில்லை. அப்போது முதலாளிகளின் கண் இடது பக்க சீட்டில் விழுந்தது. ஒரு ஆள் படியும் சோறும் மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்று விதியே இருந்தது. இரண்டாவது டிரைவர் கால் நீட்டிப் படுக்க சீட் வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தது. பெரும்பாலும் காகிதத்தில் மட்டுமே வாழ்ந்த விதி அது. 2018-இல் இரண்டு டிரைவர் கட்டாயமும் நீங்கியது. இன்று வடக்கே போகும் பல வண்டிகளில் டிரைவர் தனியாகவே போகிறார். மிச்சம் பிடித்தது ஒரு கூலியாளின் செலவை என்று முதலாளிகள் நினைத்தார்கள். அந்த சீட்தான் இந்தத் தொழிலின் பள்ளிக்கூடம் என்பது யார் கணக்கிலும் வரவில்லை. நாற்று விடாமலேயே ஆண்டுக்காண்டு அறுத்துக்கொண்டிருந்தோம். கிளீனர்களாக ஏறியவர்கள் வயதாகி இறங்க இறங்க, பின்னால் வர ஆளில்லாமல் போனது.

என் தங்கை மகன் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். டிப்ளமா படித்தவன். கம்பெனி வேலையில் கிடைத்த சம்பளம் பிடிக்காமல், லாரிதான் ஓட்டுவேன் என்று நின்றான். லைசென்ஸுக்கான வழி இன்று நேரானது. கார் லைசென்ஸ் எடுத்து ஓர் ஆண்டு ஆகியிருக்க வேண்டும், 20 வயது முடிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதிகூட 2019-இல் நீக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையமானால், கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி என்று 2021-இல் வரையறுத்திருக்கிறார்கள். முறைப்படி கற்றுக்கொள்வது நல்லது. நாமக்கல்லிலேயே அசோக் லேலண்ட் 1995-இல் தொடங்கிய டிரைவர் பயிற்சி நிலையம் இருக்கிறது; அப்படிப்பட்ட இடங்களில் கற்றவனுக்கும், லைசென்ஸ் வாங்க மட்டும் ஓட்டிப் பார்த்தவனுக்கும் வித்தியாசம் தெரியும். ஆனாலும் பயிற்சி மைதானத்தில் முப்பது டன் லோடு இருக்காது. நடுராத்திரி மூன்று மணித் தூக்கம் இருக்காது. தெரியாத ஊரில் வண்டி நின்றுபோனால் வரும் கலக்கமும் இருக்காது.

லைசென்ஸோடு அவன் வாரக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். “லைன் போயிருக்கியா?” என்பதுதான் எல்லா இடத்திலும் கேள்வி. ஒருநாள் சாயந்திரம் வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

“மாமா, லைன் போயிருந்தாத்தான் வேலைங்கறாங்க. வேலை குடுக்காம நான் எப்படிங் மாமா லைன் போறது?”

அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. முதலாளிகளையும் என்னால் குறைசொல்லிவிட முடியவில்லை. பதினாறு சக்கர வண்டி இன்று நாற்பது லட்சத்துக்கு மேல் போகிறது. மாதத் தவணை ஒரு முறை தவறினாலே பைனான்ஸ்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். ஒரு விபத்து நடந்தால் வண்டி மாதக்கணக்கில் நின்றுபோகும். அந்த ஸ்டியரிங்கை முன்பின் தெரியாத பையன் கையில் கொடுக்க யாருக்கும் மனம் துணியாது. முன்பு ஒரு டிரைவரின் வாய்ச்சொல் அந்தப் பயத்தைப் போக்கியது. இன்று வாய்ச்சொல் சொல்ல அந்தப் பையனோடு பயணம் செய்தவர் யாரும் இல்லை.

பக்கத்து சீட் பாடம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்குத் தொப்பூர் கணவாய் போதும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் நெடுஞ்சாலையில் நீண்ட இறக்கம் அது. தமிழ்நாட்டில் விபத்து மிகுந்த இடங்களில் ஒன்று. டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்குவது அங்கே பழைய கெட்ட வழக்கம். நியூட்ரலில் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. அத்தனை டன் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, லைனிங் பிடிமானம் இழந்து, கடைசியில் மிதித்தாலும் வண்டி நிற்காது. எனக்குத் தொழில் பழக்கிய அண்ணன் இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, சின்ன கியருக்கு வந்துவிடுவார். “எந்தக் கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு” என்பார். ஒவ்வொரு நடையிலும் அந்த இடத்தில் அதையே சொல்லுவார். எனக்கு அலுத்துப்போகும் வரை சொன்னார். அந்த அலுப்புதான் என்னை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறது.

புதிய எஞ்சின்களில் அந்தக் கெட்ட வழக்கத்துக்கு டீசல் கணக்கிலும் நியாயம் இல்லை. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கு டீசல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். மிச்சம் என்று நினைத்துச் செய்வது செலவாகவும் சாவாகவும் முடிகிறது. இதைப் புதிதாக வரும் பையனுக்கு யார் சொல்வது? லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வரவில்லை என்றால் படியில் பிடிப்பேன் என்று மிரட்டும் முதலாளி சொல்லமாட்டார். எச்சரிக்கைப் பலகை சொல்லும். ஆனால் பலகையைப் படிக்கும் நேரத்தில் இறக்கம் தொடங்கியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் உரிய இடத்தில் உரிய வார்த்தையைச் சொல்ல முடியும்.

பையனை என்ன செய்வது என்று யோசித்து, என் வண்டி ஓட்டும் டிரைவரிடமே பேசினேன். அவர் ஐம்பதைக் கடந்தவர், ஆத்திரமில்லாத மனிதர். “கூட்டிட்டுப் போறனுங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் அவனை ஒண்டியா அனுப்பக் கூடாது” என்று நிபந்தனை போட்டார். பையனுக்குத் தினப்படியும் சோறும் என் செலவு. பழக்கிவிடுவதற்காக டிரைவருக்கு ஒவ்வொரு நடைக்கும் தனியாக ஒரு தொகை. முதலில் பகலில், காலியான நேர்சாலையில் மட்டும் ஓட்டினான். பிறகு லோடோடு. பிறகு இரவில், டிரைவர் தூங்காமல் பக்கத்தில் இருக்கும்போது. கணவாய்களைக் கடைசியாகத்தான் கொடுத்தார். மாதங்கள் ஓடின. ஒருநாள் இந்தூரிலிருந்து சோயா ஏற்றிக்கொண்டு வரும் வழியில் டிரைவர் போன் செய்து, “இனி இவனை நம்பலாமுங்க” என்றார். என் அம்மா திண்ணையில் நின்று கேட்டதற்கு இத்தனை ஆண்டுகள் கழித்து நான் செலுத்த முடிந்த கைம்மாறு அதுதான்.

அவன் இப்போது ஒரு பார்சல் கம்பெனியில் நிலையான தடத்தில் ஓட்டுகிறான். மாதச் சம்பளம், பிஎப் இரண்டும் உண்டு. தெரிந்தவர் யாரும் இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்வது இவற்றைத்தான்.

எடுத்த எடுப்பில் மார்க்கெட் லோடுக்குப் போகாதீர்கள். லோடு கிடைத்தால் ஓட்டம், கிடைக்காவிட்டால் காத்திருப்பு என்ற வாழ்க்கை, பழகாதவனைக் கடனாளியாக்கிவிடும். பார்சல், பால், சிமெண்ட் என்று ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போகும் வேலையைத் தேடுங்கள். சாலையும் பழகும், வருமானமும் நிற்கும். கேஸ், பெட்ரோல் டேங்கர் ஓட்ட ஆசையிருந்தால், அபாயகரமான சரக்கு ஏற்றும் டிரைவருக்கான மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிந்துகொள்ளுங்கள். நாமக்கல் கேஸ் டேங்கர்களுக்குப் பேர்போன ஊர். அந்தப் பதிவு இருக்கிறவனுக்கு இங்கே மதிப்பு உண்டு.

வேலைக்குச் சேருமுன் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். அபராதம் யார் கட்டுவது? சரக்கு குறைந்தால் யார் பொறுப்பு? லோடு இறக்கக் காத்திருக்கும் நாட்களுக்குப் படி உண்டா? இன்சூரன்ஸ், எப்சி, பர்மிட் நடப்பில் இருக்கின்றனவா? இ-வே பில் கணக்குப்படி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் அவகாசம் உண்டு. அதைவிட அவசரப்படுத்தும் முதலாளியிடம் தூங்க நேரம் கேளுங்கள். தராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு நடையையும் எழுதுங்கள்: எங்கே ஏற்றியது, எங்கே இறக்கியது, என்ன வண்டி, எத்தனை டன். வேலையை விட்டு விலகும்போது அந்த முதலாளியிடம் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். முன் அனுபவம் எங்கே என்று கேட்பவர் முன் அவற்றைத்தான் வைக்க முடியும்.

பையன்களுக்குச் சொல்வதோடு இது முடியாது. 2025 மார்ச்சில் தென்மாநிலங்களின் கேஸ் டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்த போராட்டம் அது. மாற்று டிரைவரோ கிளீனரோ வண்டியில் இல்லாவிட்டால் 20,000 ரூபாய் அபராதம் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. அபராதத் தொகை பெரிதுதான்; சிறு முதலாளியால் தாங்க முடியாது. ஆனால் வெடிக்கும் சரக்கோடு ஓடும் வண்டியில் இரண்டாவது ஆள் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எனக்குத் தவறு தெரியவில்லை. அந்த ஆள் இன்று எங்கே கிடைப்பான் என்பதுதான் கேள்வி. நாம் உருவாக்காமல் விட்ட ஆளைத்தான் ஒப்பந்தம் நம்மிடம் கேட்கிறது.

செலவாகும் என்பார்கள். நானும் கணக்குப் பார்த்திருக்கிறேன். பழகும் பையன் ஒருவனுக்கு ஒரு மாதம் கொடுப்பது, கவனக்குறைவால் வெடிக்கும் ஒரு டயரின் விலைக்குப் பக்கத்தில்தான் வருகிறது. வண்டி ஷெட்டில் ஒரு மாதம் நின்றால் கட்ட வேண்டிய தவணையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. டிரைவர் என்றால் பெண் தரமாட்டோம் என்று எங்கள் ஊரிலேயே சொல்கிறார்கள். நான் மாப்பிள்ளையானபோது டிரைவர் என்பது கையில் காசு புழங்கும் மதிப்பான தொழில். அந்த மதிப்பைத் திரும்பக் கொண்டுவருவது கேபின் ஏசி மட்டும் அல்ல. முறையான சம்பளம், தூங்க நேரம், மாதம் சில நாள் வீடு, கற்றுக்கொள்ளும் காலத்திலும் கூலி என்று இருந்தால் பெண் வீட்டார் பேச்சு மாறும். பிள்ளைகளும் வருவார்கள், சிபாரிசு செய்ய ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள் முதலில் வருவார்கள்.

லாரி உரிமையாளர் சங்கங்கள் மனம் வைத்தால் புதிய சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நாலைந்து வண்டி வைத்திருப்பவர் ஒரு வண்டியிலாவது, 18 வயது நிரம்பிய ஒரு பழகுநரைக் கூலி கொடுத்து ஏற்ற வேண்டும். பழக்கும் டிரைவருக்குத் தனிப்படி கொடுக்க வேண்டும். பழகி முடித்தவனுக்குச் சங்கம் தன் முத்திரையோடு சான்று தர வேண்டும். எந்த முதலாளியும் அதை ஏற்க வேண்டும். இதைச் சீக்கிரம் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிளீனராக ஏறி, பக்கத்து சீட்டில் தொழில் கற்ற கடைசித் தலைமுறை இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. பலருக்குச் சர்க்கரை, முதுகு வலி, பார்வைக் குறைவு. இன்னும் பத்து ஆண்டுகளில் அவர்கள் எல்லோரும் வண்டியை விட்டு இறங்கியிருப்பார்கள். அதன் பிறகு நாம் கூலி கொடுக்கத் தயாராக இருந்தாலும், சொல்லித்தர ஆள் இருக்கமாட்டார்கள்.